தாளிசபத்திரி டப்பா

மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் 1977-ல் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் தாவரவியல் படித்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது பைன் ஊசியைக் குறுக்கே வெட்டியிருப்பார்கள். ஃபார்மலின் பாட்டிலில் வருஷக்கணக்காக ஊறி வெளுத்துப்போன ஊசி. கேரட் துண்டைப் பிளந்து அதற்குள் ஊசியைச் செருகி, சவர பிளேடால் மெல்லிசாகச் சீவி, சாஃப்ரனின் சாயத்தில் முக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பிசின் குழல்கள் வட்ட வட்டமாகத் தெரியும். உயிருள்ள பைன் மரத்தை எங்கள் வகுப்பில் ஒருத்தரும் பார்த்ததில்லை. நெல்லும் நாணலும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

ஊசியிலை மரங்களின் பயன்களைச் சொல்லும் பாடத்தில் ஏபீஸ் வெப்பியானா என்று ஒரு பெயர் வந்தது. இமயமலையில் வளரும் மரம். "நாட்டு மருந்துக் கடையில தாளிசபத்திரின்னு தர்றாங்களே, அது இதோட இலைதான்" என்றார் ஆசிரியர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருக்கடையூர் சன்னதித் தெருவில் நாட்டு மருந்துக் கடை எங்களுடையது. தாத்தா ஆரம்பித்து, அப்பா நடத்தி, பிற்பாடு என்னிடம் வந்தது. தாளிசபத்திரி டப்பா மூன்றாவது தட்டில், திப்பிலிக்கும் தான்றிக்காய்க்கும் நடுவில் இருக்கும். பைன் ஜாதி மரம் ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல்!

மறுநாள் ஒரு பிடியைப் பொட்டலம் கட்டிக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். தண்ணீரில் ஊறவைத்து விரித்துப் பார்த்தால் ஊசியைக் காணோம். அகன்ற இலையின் நொறுங்கல்கள், வலைப்பின்னலாக நரம்பு. ஆசிரியர் லென்ஸை வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். "இது ஊசியிலையே இல்லப்பா. எங்கேர்ந்து எடுத்தே?" என்றார். கடையின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். பலம், வீசை எல்லாம் போய் கிராம் வந்து பல வருஷம் ஆகியும் மனசுக்குள் பலத்திலேயே கணக்குப் போடுகிற மனுஷர். நிறுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், "பேரு அதானேடா?" என்றார்.

அந்தப் பதிலில் அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பத்தெட்டு வருஷம் கழித்து, எங்கள் தொழிலின் சரித்திரமே அந்த இரண்டு வார்த்தையில் இருக்கிறது என்று தோன்றுகிறது. நாட்டு மருந்தில் பெயர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். அதற்குள் குடியிருக்கும் மரம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஏபீஸ் மரம் வளரும் காட்டுக்கு வனத்துறைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் இமயத்து ஈர மிதவெப்பக் காடு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சாம்பியன் என்ற ஆங்கிலேயர் 1936-ல் இந்தியக் காடுகளை வகை பிரித்து எழுதினார். 1968-ல் அவரும் சேத் என்பவரும் சேர்ந்து அதைத் திருத்தி வெளியிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பட்டியல்தான் புழக்கத்தில். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டரில் தொடங்கி 3,300 மீட்டர் வரை போகிறது இந்தக் காடு. மேலே தேவதாரு, ஏபீஸ், ஸ்ப்ரூஸ், நீலப் பைன். அவற்றுக்குக் கீழே ஓக் மரங்கள். அதற்கும் கீழே ரோடோடெண்ட்ரான், மலை மூங்கில், பெரணி, பாசி. குளிரில் இலை உதிர்க்காமல் பனியைச் சரியவிட்டு நிற்கிற மரங்கள். நமக்கு வாய்க்காத காடு. தென்னிந்தியாவில் தானாக வளரும் ஊசியிலைக் குடும்ப மரம் ஒன்றே ஒன்றுதான் உண்டு: மேற்குத் தொடர்ச்சி மலையின் நாகேயா வாலிச்சியானா. அதற்கும் ஊசி இலை கிடையாது, அகலமான இலை! கொடைக்கானல் பைன்கள் வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு நட்டு வளர்த்தவை.

ஆகவே தாளிசபத்திரி என்றால் வடக்கிலிருந்து வந்தாக வேண்டும். மலைக்காரர்கள் பறித்து, அமிர்தசரஸ் மண்டிக்கோ தில்லி காரி பாவ்லிக்கோ போய், அங்கிருந்து சென்னை ராசப்ப செட்டி தெரு, அப்புறம் கும்பகோணம், அப்புறம் எங்கள் கடை. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ல் ரயில் விட்டார்கள், 1986-ல் நிறுத்திவிட்டார்கள். அந்த அறுபது வருஷமும் எங்கள் சரக்கு மூட்டை திருக்கடையூர் ஸ்டேஷனில்தான் இறங்கியது. இத்தனை கை மாறுகிற சரக்கில் எது எங்கே மாறியது என்று யார் சொல்வது? வங்காளத்தில் அதே பெயரில் டாக்ஸஸ் மரத்து இலை விற்றார்கள். வடக்கே சில இடங்களில் ரோடோடெண்ட்ரான் வகை ஒன்றின் இலை. கேரளத்திலும் நம் பக்கத்திலும் பிளாகோர்ஷியா என்ற முள் மரத்தின் அகல இலை. அன்று என் பொட்டலத்தில் இருந்தது அதுவாகத்தான் இருக்கும். இருமலுக்கும் சளிக்கும் தாளிசாதி சூரணம் தின்றவர்கள் இவ்வளவு மரங்களைத் தின்றிருக்கிறார்கள். திப்பிலியும் சுக்கும் மிளகும் கூட இருந்ததால் இருமல் எப்படியும் கேட்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயர் நிற்க மரம் மாறுவது எங்கள் ஊரில் புதுசும் இல்லை. அபிராமியையும் மார்க்கண்டேயரையும் தெரிந்த அளவுக்கு வெளியூர்க்காரர்களுக்குக் குங்கிலியக்கலயரைத் தெரியாது. அறுபத்துமூவரில் ஒருவர், கடவூர்க்காரர் (திருக்கடையூரின் பழைய பெயர் அது), அப்பரும் சம்பந்தரும் வாழ்ந்த ஏழாம் நூற்றாண்டு. கோயிலில் குங்கிலியப் புகை போடுவதே அவர் தொண்டு. சொத்தெல்லாம் கரைந்து பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போது, நெல் வாங்கி வரச் சொல்லி மனைவி தாலியைக் கழற்றித் தருகிறார். வழியில் குங்கிலியப் பொதியோடு ஒரு வணிகர் வருகிறார். கலயர் தாலியைக் கொடுத்துவிட்டுப் பொதியை வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய்விடுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைப் பாடியிருக்கிறார். பக்தர்களுக்கு இது பக்திக் கதை. கடைக்காரனுக்கு அந்தப் பெயரில்லாத வணிகர் மேல்தான் கண் போகும். கடவூர்த் தெருவில் மூட்டையோடு வந்தவராக நமக்குத் தெரிகிற முதல் வியாபாரி அவர்.

அந்தப் பொதியில் இருந்தது எந்த மரத்துப் பிசின்? குங்கிலியம் என்ற சொல் வடமொழி குக்குலுவோடு உறவுள்ளது. வடக்கே குக்குலு என்றால் ராஜஸ்தான், குஜராத் பக்கத்து வறண்ட நிலத்து முட்செடியின் பிசின். தமிழில் குங்கிலியம் என்றால் சால மரத்துப் பிசின். வெள்ளைக் குங்கிலியம் மேற்குத் தொடர்ச்சி மலை வெள்ளைப்பைன் மரத்தினுடையது; கருங்குங்கிலியம் இன்னொரு மரத்தினுடையது. வெள்ளைப்பைன் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பைனுக்கும் அதற்கும் சொந்தமே இல்லை. நான்கு மரங்கள், ஒரே பெயர். புகை எல்லாவற்றிலும் வரும்.

கற்பூரத்தின் கதை இன்னும் பெரிது. எங்கள் ஊரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்காத நாள் கிடையாது; கடையில் மருந்தைவிடக் கற்பூரம்தான் அதிகம் ஓடும். பழைய கற்பூரம் சுமத்ரா தீவிலிருந்து வந்தது. அங்கே பாரூஸ் என்ற துறைமுகத்தருகே லோபு துவாவில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கி.பி. 1088-ல் நம் வணிகக் குழுவான திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வெட்டிவைத்தது. ஊரின் பெயரை வாரோசு என்று எழுதியிருக்கிறார்கள். பாரூஸ் என்றாலே அந்தக் காலத்தில் கற்பூரம்தான். டிரையோபலனாப்ஸ் என்ற வானளாவிய மரத்தைப் பிளந்து உள்ளே கட்டிக் கிடப்பதைச் சுரண்டி எடுப்பார்கள். அதன் பிறகு சீனத்திலும் தைவானிலும் வளரும் இன்னொரு மரம், இலவங்கப்பட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு, அந்த இடத்தைப் பிடித்தது. ஜப்பான்காரர்கள் 1895-ல் தைவானைப் பிடித்து, 1899-ல் கற்பூரத்தை அரசாங்க ஏகபோகமாக்கினார்கள். அப்போது உலகம் கற்பூரத்தைக் கேட்டது சாமிக்காக அல்ல, செல்லுலாய்டுக்காக. சினிமா ஃபிலிம் அதில்தான் செய்தார்கள்.

விலை ஏறியதும் ஐரோப்பியர்கள் வேறு வழி தேடினார்கள். பைன் மரத்தைக் கீறினால் வடிகிற பிசினைக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைன். நம் பழைய மருத்துவ நூல்காரர்கள் அதைக் கற்பூரத் தைலம் என்றே குறித்தார்கள், என்னவோ தெரிந்துவைத்ததுபோல. அதில் இருக்கும் பைனீன் என்ற பொருளைக் கேம்ஃபீனாக்கி, அதிலிருந்து கற்பூரம் செய்யலாம். இந்தியாவில் 1960-களில் உத்தரப் பிரதேசத்துப் பரேலியில் இதற்கு ஆலை வந்தது. இமயத்தின் அடிவாரத்துச் சீர் பைன் மரங்களில் பிசின் இறக்கும் தொழில் அதற்கு முன்பே அங்கே இருந்தது. சீர் பைன் நான் சொன்ன ஈரக்காட்டுக்கு ஒரு படி கீழே வளர்வது. மேலே உள்ளது நீலப் பைன், அதன் பிசினும் உயர்ந்ததுதான். இப்போது மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்தும் வருகிறது. எங்கிருந்து வந்தாலும் பைன் பைன்தான். எங்கள் ஊர்க் கோயிலில் அமிர்தகடேசுவரருக்குக் காட்டுகிற தீபாராதனையில் எரிவது, நான் கேரட்டில் செருகிச் சீவிய அந்த ஊசி மரத்தின் பிசின். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம். ஆயிரம் வருஷமாகவே கற்பூரம் ஊர் மாறி மரம் மாறித்தான் வந்திருக்கிறது. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை.

தேவதாருவுக்கு வருகிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் போடும் கஷாயச் சரக்கில் தேவதாருக் கட்டை கட்டாயம் உண்டு. எங்கள் கடையில் அது செக்கச்செவேலென்று, இரும்பு மாதிரி கனமாக, நல்ல வாசனையோடு இருக்கும். பட்டதாரி ஆன பிறகு அதையும் சோதித்துவிட்டேன். இமயத்துத் தேவதாரு இளமஞ்சள், லேசானது, எண்ணெய்ப் பிசுக்கு. காகிதத்தில் வைத்தால் கறை ஏறும். எங்களுடையது தெற்கத்திப் புதர்க்காடுகளில் தானாக வளரும் எரித்ராக்சிலம் என்ற சிறு மரம். தேவதாரம் என்றும் செம்மணத்தி என்றும் சொல்வார்கள். கொக்கேன் எடுக்கிற கோக்கா செடிக்கு நெருங்கிய சொந்தம் (பயப்பட வேண்டாம், இதில் போதை கிடையாது). 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்து ஏழைகள் இதன் இலையைத் தின்றதாகப் பதிவு இருக்கிறது. இமயம் எட்டாத தூரம் என்பதால் பக்கத்துக் காட்டு மரத்துக்குத் தேவர்களின் பெயரைச் சூட்டி நம் பெண்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அசல் தேவதாருவை விஞ்ஞானப் பெயரில் முதலில் பதிந்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். இதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டரில் தரங்கம்பாடி. டென்மார்க்காரர்கள் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் 1620-ல் வாங்கி, 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்ற ஊர். அங்கே மிஷன் வைத்தியராக 1768-ல் வந்து இறங்கினார் ஜொஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸின் மாணவர். வைத்தியத்தைவிடச் செடி பொறுக்குவதில்தான் அவருக்கு ஆசை. 1776-ல் சென்னைக்கு வந்த இளம் ராக்ஸ்பர்க்குக்கு நண்பராகவும் வழிகாட்டியாகவும் இருந்தவர் இந்தக் கோனிக். பிறகு ராக்ஸ்பர்க் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று, தேவதாருவுக்குப் பைனஸ் தேவதாரா என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் பேரினத்தை மாற்றிச் செட்ரஸ் தேவதாரா ஆக்கினார்கள். தேவதாரு என்ற சொல்லை மட்டும் யாரும் தொடவில்லை.

அடுத்த தலைமுறையில் அந்த மரத்துக்கு யமன் வந்தான், ரயில் வடிவத்தில். ஒரு மைல் தண்டவாளத்துக்கு ஏறக்குறைய 2,000 ஸ்லீப்பர் கட்டை வேண்டும். தேவதாரு கறையான் அரிக்காத மரம். மலையில் வெட்டி ஆற்றில் தள்ளினால் சமவெளிக்கு மிதந்தே வந்துவிடும். ஹர்சிலில் குடியேறிய வில்சன் என்ற ஆங்கிலேயர் 1850-களிலும் 60-களிலும் பாகீரதிக் கரைத் தேவதாருக்களை வெட்டி மிதக்கவிட்டே குட்டி ராஜாவாக வாழ்ந்தார். மிச்சமிருந்த காடு எவ்வளவு தாங்கும் என்று கணக்கெடுக்க அரசாங்கம் அனுப்பிய ஆள் சென்னைக்காரர்: ஹியூ கிளெக்ஹார்ன். 1820-ல் சென்னையிலேயே பிறந்தவர். 1856 முதல் சென்னை மாகாண வனப் பாதுகாவலர். பஞ்சாப், மேற்கு இமயக் காடுகளை நடந்தே பார்த்து 1864-ல் அறிக்கை கொடுத்தார். அதே வருஷம் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானார், மறுவருஷம் வனச்சட்டம். காட்டைக் காப்பாற்றினார்களா, காட்டை ஆளுகிற உரிமையை மலைக்காரர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்களா என்றால், இரண்டும் நடந்தது என்பதே என் எண்ணம்.

அந்தக் காட்டை நான் கண்ணால் பார்த்தது 2009 மே மாதம். ஊர்க்காரர்கள் முப்பது பேர் சேர்ந்து போட்ட யாத்திரை பஸ். கங்கோத்ரி போகும் வழியில் ஹர்சிலைத் தாண்டும்போது தேவதாருக்கள் நின்றன. எல்லாரும் கங்கையைப் பார்க்க, நான் ஒருவன் எதிர்ப்பக்க ஜன்னலில். கேதாரம் முடித்து பத்ரிக்குப் போகையில் சோப்டாவில் டீக்கு நிறுத்தினார்கள். இறங்கியதும் மூக்குக்கு முதலில் தெரிந்தது. ஈர மண்ணும் பிசினும் சேர்ந்த வாடை, எங்கள் கடையின் கீழ்த் தட்டைக் கழுவித் துடைத்த நாளில் வருமே, அதுமாதிரி. தரை முழுக்க மெத்தைபோலப் பாசி. கர்சு ஓக் மரங்களின் கிளையெல்லாம் பெரணி தொற்றியிருந்தது. புரான்ஸ் என்று அவர்கள் சொல்லும் ரோடோடெண்ட்ரானில் கடைசிப் பூக்கள் சிவப்பாக இரண்டொன்று. அவற்றுக்கு மேலே கோபுரம் மாதிரி ஏபீஸ்.

விழுந்து கிடந்த ஒரு சிறு கிளையை எடுத்தேன். தட்டையான ஊசி, நுனியில் சின்னப் பிளவு. திருப்பினால் அடிப்பக்கம் திருநீற்றுக் கீற்றுபோல இரண்டு வெள்ளைக் கோடு. கசக்கினால் மணம் கையை விட்டுப் போகவில்லை. ஐம்பது வயது தாண்டியவன், டீயை ஆறவிட்டு ரோட்டோரத்தில் நின்று இலையை முகர்ந்துகொண்டிருந்தேன். "என்னப்பா, இலையைப் போய் மோந்துகிட்டு நிக்கிற?" என்று பெரியம்மா கேட்டார். "நம்ம கடைச் சரக்கு பெரியம்மா" என்றேன். அந்தக் கிளை இன்னும் என் டைரியில் இருக்கிறது. மணம் போய்விட்டது, வெள்ளைக் கோடு போகவில்லை.

டிரைவர் இன்னொரு மரத்தையும் காட்டினார். கருப்பாக, குள்ளமாக, மற்ற மரங்களின் நிழலில் ஒதுங்கி நின்றது. "துனேர்" என்றார். அதுதான் டாக்ஸஸ். வங்காளத்தின் தாளிசபத்திரி. பட்டையை டீயில் போட்டுக் குடிப்பது அந்த மலைக்காரர்களின் வழக்கம்.

ஊர் திரும்பி இரண்டு வருஷத்தில் என் அக்காவுக்கு மார்பில் புற்று. சென்னையில் வைத்தியம். படுக்கையருகே சொட்டு மருந்துப் பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்தேன்: பாக்லிடாக்செல். அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் இதேமாதிரி ஓர் ஈர ஊசியிலைக் காடு உண்டு. 1962-ல் வாஷிங்டன் மாநிலக் காட்டில் அரசாங்கத் தாவரவியலாளர் ஒருவர் அங்கத்திய டாக்ஸஸ் மரத்தின் பட்டையைச் சேகரித்தார். வால், வானி என்ற இருவர் 1971-ல் அதிலிருந்த பொருளின் அமைப்பை வெளியிட்டார்கள். அந்த வானி நம் நாட்டில் பிறந்தவர். 1992 கடைசியில் அது மருந்தாக அனுமதி பெற்றது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும் என்பதால், பிறகு இலையிலிருந்து எடுக்கும் வழி கண்டார்கள். உடனே உலகச் சந்தை இமயத்துத் துனேர் மேல் பாய்ந்தது. மூட்டை மூட்டையாகக் காடு காலியாக, 1995-ல் அந்த மரத்தைப் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். நூற்றாண்டுகளாக இருமலுக்குப் பொட்டலம் கட்டிய இலைக்குள் என்ன இருந்தது என்று எங்கள் தொழிலில் ஒருத்தருக்கும் தெரியாது. டாக்ஸஸ் இலை விஷம் என்பதும் பலருக்குத் தெரியாது. பெயர் மட்டும் பார்த்து விற்பதில் உள்ள ஆபத்து அங்கேதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் பதில் அகல இலைக்குச் சரி, துனேருக்குச் சரிவராது.

அக்கா பிழைத்தார். இப்போது வயது எழுபத்திரண்டு. போன வருஷம் தை மாதம் வந்து அபிராமியைப் பார்த்துவிட்டு, கடையில் உட்கார்ந்து கற்பூரப் பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடையில் இப்போது தாளிசபத்திரிக்கு இரண்டு டப்பா. ஒன்றில் ஊசி இலை, விலை கூடுதல். மற்றதில் அகல இலை. தேவதாருவுக்கும் அப்படியே இரண்டு. தாத்தா கையால் எழுதி ஒட்டிய பழைய சீட்டை நான் கிழிக்கவில்லை. அதன் கீழே வேறு சீட்டில், "எந்த மரம் என்று கேட்டு வாங்கவும்" என்று எழுதி ஒட்டி ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.